குடும்பத்தில் யாருக்கும் இல்லை

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓட்டத் தேர்வு. எறிபந்து வலை மறுபடியும் கிழிந்துவிட்டது. தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன். "பார்ப்போம் டீச்சர்" என்றார். போன வருடமும் பார்த்தார், அதற்கு முந்தின வருடமும் பார்த்தார்.

சாயங்காலம் நானும் இவரும் டாக்டர் நூர்ஜகானிடம் போனோம். ஊசியால் எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்திருந்தது. இடது மார்பில் இருப்பது புற்றுநோய்தான். எழுதிவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"டாக்டர், நான் பி.டி. டீச்சர். ஸ்கூல்ல படிக்கும்போதே ஓட ஆரம்பிச்சவ. எண்ணூறு மீட்டர்ல ஸ்டேட் மெடல் வாங்கியிருக்கேன். இன்னைக்கும் பிள்ளைகளோட சேந்து கிரவுண்டச் சுத்துதேன். எனக்கு எப்படி வரும்?" என்று கேட்டேன். ஏதோ அவர்தான் கொண்டுவந்து வைத்த மாதிரி.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஓடுறவங்களுக்கு வரவே வராதுன்னு கிடையாதும்மா. வர்ற வாய்ப்பு குறையும், அவ்வளவுதான். மாதவிலக்கு நின்ன பிறகு உடம்புல இருக்கிற கொழுப்புலதான் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உண்டாகுது. எக்சர்சைஸ் செஞ்சா கொழுப்பும் குறையும், அந்த ஹார்மோனும் குறையும். நிறையப் பேருக்கு இந்த நோய்க்கு அதுதான் தீனி. ஆமா, நீங்க ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?"

சாப்பிடுகிறேன். மாதவிலக்கு நின்ற புதிதில் வெயிலில் நிற்க முடியாமல் உடம்பு எரிந்தது. இரண்டாம் பீரியட் முடிவதற்குள் சுடிதார் தொப்பலாகிவிடும். தூக்கமும் போயிற்று. அப்போது ஒரு மகப்பேறு டாக்டர் எழுதிக்கொடுத்தது. சில வருடங்களாக விடாமல் விழுங்கிவருகிறேன். கொடுப்பதற்கு முன் குடும்பத்தில் யாருக்காவது மார்பில் புற்றுநோய் இருந்ததா என்று அவர் கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். இன்று டாக்டர் நூர்ஜகானும் அதையே கேட்டார், அதே பதிலைச் சொன்னேன். அம்மா மஞ்சள்காமாலையில் போனாள், அப்பா நெஞ்சுவலியில். அக்கா ஆவுடையம்மாள் என்னைவிட ஏழு வயது மூத்தவள், நாகர்கோவிலில் குத்துக்கல் மாதிரி இருக்கிறாள்.

மாத்திரையால்தான் வந்ததா என்று கேட்டேன். "அதாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இன்னையோட நிறுத்திருங்க" என்றார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் இவர் ஒன்றே ஒன்றுதான் பேசினார். "மதிக்கு இப்பம் சொல்ல வேண்டாம், உலகு. நிச்சயதார்த்தம் முடியட்டும்." மதிவதனி எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் வங்கி வேலை. தென்காசியில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், கார்த்திகையில் நிச்சயம். சரி என்றேன். பிள்ளை மனசு எதற்குக் கெட வேண்டும்?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாத்திரை இல்லாமல் முதல் நாள். உடம்பு எரிகிறது. மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கணக்கு டீச்சர் தங்கபுஷ்பம் மாடிப்படி ஏறினாலே நாற்காலியைத் தேடுகிறவள். இன்று பதினொரு மணிக்கு வடையும் டீயுமாக உட்கார்ந்துகொண்டு, "உலகம்மா டீச்சரப் பாருங்க, எப்பமும் குமரி மாதிரி. ஓடுத உடம்புல்லா" என்றாள். எழுந்து வந்துவிட்டேன். அவளுக்கு வந்திருக்கலாமே என்று நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது, நினைத்தேன்தான்.

ஓடுகிற பிள்ளையை ஒரு நோயும் அண்டாது என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! காலைக் கூட்டத்தில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். மழைநாளில்கூட வராந்தாவில் நின்ற இடத்திலேயே குதித்தவள் நான். எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, இனிப்பு கிடையாது. இந்த உடம்புக்காக நான் என்னதான் செய்யவில்லை! கூடவே இருந்து குழி பறித்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

மதியிடம் போனில் பேசினேன். "மார்புல ஒரு கொழுப்புக் கட்டி மாதிரி இருக்காம். எடுத்துருவோம்னுட்டாங்க."

"கொழுப்பா? உன் உடம்புலயா?" என்று சிரித்தாள். "லீவு போட்டு வரட்டுமா?"

"சின்ன விஷயம். நீ லீவத் தீபாவளிக்கு வச்சுக்கோ."

உடனே நம்பிவிட்டாள். நான் சொன்னால் அவள் எதையும் நம்புவாள், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அதற்குப்பிறகு நிச்சயத்துக்கு எந்த நிறத்தில் பட்டு எடுப்பது என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 24, சனி

அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள். வலது கையால் எழுதுகிறேன், நல்லவேளை இடது பக்கம். மார்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் குனிந்து பார்க்கவில்லை.

அக்கா வந்திருக்கிறாள். இவர் போன் செய்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் இடது கையைத் தொட்டதும் அக்கா ஒரு அதட்டுப் போட்டாள். "அந்தக் கைல பாக்கக் கூடாது தாயி, ஊசியும் போடக் கூடாது, வீங்கிரும்." அந்தப் பெண் புதிது போலிருக்கிறது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். சின்னத் தலையணை ஒன்றை அக்கா வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள், கக்கத்துக்குக் கீழே வைத்துப் படுத்தால் இழுக்காது. புண்ணிலிருந்து நீர் வடிகிற குழாயில் தொங்கும் புட்டியை அவள்தான் காலி செய்கிறாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அக்கா நர்ஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா தேங்காய்ப்பால் சொதி வைத்தாள், இஞ்சிப் பச்சடியோடு. இத்தனை நாளுக்குப் பிறகு இன்றுதான் சோறு ருசித்தது.

மதி வீடியோவில் வந்தாள். துண்டைப் போர்த்திக்கொண்டு பேசினேன். ஏ.சி.யா போட்டிருக்கிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அதற்குப்பிறகு அக்கா என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, "விரல மெதுவா மேல ஏத்து, பல்லி போற மாதிரி. தினமும் கொஞ்சம் கொஞ்சமா. விட்டா தோள் இறுகிப்போயிரும்" என்றாள். ஒருநாளும் கைகால் நீட்டி ஒரு பயிற்சி செய்தறியாதவள் பி.டி. டீச்சருக்குப் பயிற்சி சொல்லித் தருகிறாள்! எங்கே படித்தாய் என்று சிரித்தேன். "எல்லாம் கேள்விப்பட்டதுதான்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 4, புதன்

என்னால் ஒழுங்காக எழுத முடியுமா தெரியவில்லை.

வெட்டி எடுத்ததன் பரிசோதனை முடிவைக் கேட்க அக்காவோடு போனேன். இவருக்கு இன்று மின்வாரிய ஆபீஸில் ஆடிட். டாக்டர் நூர்ஜகான் நல்லபடியாகவே பேசினார். கட்டி ஹார்மோனால் வளரும் வகை, அந்த ஹார்மோனைத் தடுக்க மாத்திரை தருகிறேன், பல வருடம் சாப்பிட வேண்டும், மெல்ல நடக்க ஆரம்பியுங்கள் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க கூடப் பிறந்தவங்க. நீங்களும் ஒரு மேமோகிராம் எடுத்துக்கிட்டா நல்லது" என்றார்.

"நான் மாசிலதான் எடுத்தேன் டாக்டர். வருசா வருசம் திருவனந்தபுரத்துல எடுத்துருவேன். ஒண்ணுமில்லன்னுட்டாவ" என்றாள் அக்கா.

டாக்டருக்குச் சந்தோஷம். "ரொம்ப நல்ல பழக்கம். யார் சொல்லி ஆரம்பிச்சீங்க?"

"அம்மாவுக்கு இருந்ததுல்லா, அதான்..." என்று தொடங்கியவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

வருடா வருடம் மாசியில் அத்தானும் அவளும் பத்மநாபசாமி தரிசனம் என்று திருவனந்தபுரம் போவார்கள். வரும்போது எனக்கு நேந்திரம் சிப்ஸ் வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடுவாள். நானும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், எங்கக்காவுக்கு எவ்வளவு பக்தி என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அடுப்படியில் வைத்துக் கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"அப்பா என் தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாவட்டி. உனக்கு மாப்பிள பாக்க ஆரம்பிச்ச நேரம். அந்த நோய் வந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா எவனும் வாசப்படி ஏற மாட்டான்னாவ. மஞ்சக்காமாலைன்னு சொல்லிருவோம், எங்க வீட்டுல வச்சுப் பச்சிலை வைத்தியம் பாக்கோம்னு சொல்லிருவோம்னு அப்பாதான் சொன்னாவ."

"சரி, அப்பம் சத்தியம். எனக்குக் கல்யாணம் ஆச்சு, பிள்ள பிறந்துச்சு, அப்பாவும் போயாச்சு. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்... எப்படிட்டி சொல்ல? இம்புட்டு நாள் ஏன் சொல்லலன்னு கேப்பியே."

"நீ மட்டும் போய்ப் பாத்துக்கிட்டே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உனக்கு வராதுன்னு நினைச்சேன் உலகு. நீதான் ஓடிக்கிட்டே இருக்கியே. ஓடுதவளுக்கு எந்த நோயும் வராதுன்னு நீதான எல்லார்ட்டயும் சொல்லுவே."

அறைந்திருப்பேன், கை தூக்க முடியவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

அக்காவை நாகர்கோவில் பஸ் ஏற்றிவிட்டு வந்தார் இவர். ஆசிரியர் தினம் என்று பிள்ளைகள் போன் செய்தார்கள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

துரோகம். வேறு எந்த வார்த்தையாலும் இதைச் சொல்ல முடியாது. சுற்றிச்சுற்றி யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

அப்போது நான் காரைக்குடியில் உடற்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்கு அப்பா கடிதம் போடுவார். அம்மாவுக்குப் பத்தியம், வெளியாள் வரக்கூடாது, நீ போட்டியைக் கவனி என்று. நான் என்ன வெளியாளா? ஒரே ஒரு முறை நாகர்கோவில் போய்ப் பார்த்தேன். அம்மா சேலையை இறுக்கி இழுத்துப் போர்த்திக்கொண்டு இருந்தாள். கட்டிப்பிடிக்கப் போனேன், மருந்து நாற்றம் என்று தள்ளிவிட்டாள். என் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே பல வருடம் நினைத்திருந்தேன். அவளுக்கு வலித்திருக்கிறது. அது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, எனக்கும் அதே இடத்தில் வலிக்கும்போது.

அக்கா சின்னத் தலையணை தைக்கக் கற்றது யாருக்காக, சுவரில் விரல் ஏற்றக் கற்றது யாருக்காக என்றெல்லாம் இப்போது புரிகிறது. அம்மா அவளிடம் தன் நோயைக் காட்டினாள், எனக்கு ஒரு பொய்யைக் கொடுத்தாள். மகப்பேறு டாக்டர் கேட்ட அன்று உண்மை தெரிந்திருந்தால் அந்த மாத்திரையை அவர் எழுதியிருக்கவே மாட்டார். எழுதியிருந்தாலும் வருடா வருடம் படம் எடுத்துப் பார்த்திருப்பார், கடுகளவு இருக்கும்போதே பிடித்திருக்கலாம். நான் யாருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மன்னிக்க மாட்டேன். இவர் சமாதானம் சொல்ல வந்தார். காபியை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தெருமுனை வரை நடந்தேன். மூச்சு வாங்கியது. வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

மதி கூப்பிட்டாள். ரொம்ப நாளாக அவளுக்குத் தீட்டு ஒழுங்காக வருவதில்லை. சினைப்பையில் நீர்க்கட்டி என்று அங்கே ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்திருக்கிறாராம்.

"வெயிட்டக் குறைக்கணுமாம்மா. தினமும் நடக்கச் சொல்லியிருக்காங்க. எங்கம்மா அத்லெட்னு சொன்னேன், அவங்களுக்கு ஒரே ஆச்சரியம். குடும்பத்துல யாருக்கும் கேன்சர் உண்டான்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லன்னுட்டேன்."

குக்கர் விசில் அடிக்கிறது, பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

குக்கர் உண்மையிலேயே அடித்தது.

சின்ன வயசு, சின்ன மாத்திரை. எத்தனையோ பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே சாப்பிடுகிறார்கள். நிச்சயம் முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம். இப்போது சொன்னால் பயந்துவிடுவாள், மாப்பிள்ளையிடம் உளறுவாள், தென்காசி முழுக்கத் தெரிந்துவிடும். அக்கா செய்ததும் இதுவும் ஒன்றாகிவிடாது. நான் சொல்லத்தான் போகிறேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

தையல் போட்ட இடம் ஆறிவிட்டது. டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன், கல்யாணமாகாத பெண் நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிடலாமா என்று.

அவருக்கா புரியாது? "உங்க மகளா? சாப்பிடக் கூடாதுன்னு இல்ல. ஆனா பாட்டிக்கு, அம்மாவுக்குன்னு ரெண்டு தலைமுறைல இருக்கும்போது, எழுதுற டாக்டருக்கு அது தெரிஞ்சாகணும். உங்களுக்கு மரபணுப் பரிசோதனையும் செய்யணும்னு நினைக்கிறேன். மகள்கிட்ட எல்லாம் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

வரும் வழியில் உழவர் சந்தையில் கீரை வாங்கினேன். பூச்சி.

அக்டோபர் 6, ஞாயிறு

அக்கா தினமும் போன் செய்கிறாள். நான் எடுப்பதில்லை. முப்பது வருடம் பேசாதவளுக்கு இப்போது என்ன பேச்சு? இவர் மட்டும் மொட்டை மாடிக்குப் போய் அவளிடம் பேசிவிட்டு வருகிறார். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

மதியிடம் இன்றும் பேசினேன். நிச்சயப் பட்டு மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் என்று முடிவாகியிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் குமட்டுகிறதாம். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள் என்று சொன்னேன்.

அக்டோபர் 9, புதன்

அக்கா மதியிடம் சொல்லிவிட்டாள்.

நான் போனை எடுக்காததால் மதியைக் கூப்பிட்டிருக்கிறாள். "உங்கம்மாவ நல்லா பாத்துக்கோட்டி, ஆபரேசன் பண்ண உடம்பு" என்று ஆரம்பித்திருக்கிறாள். பிள்ளைக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாளாம். "எங்கிட்ட அந்தக் குதி குதிச்சாளே, பெத்த பிள்ளைட்ட மறைப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று இவரிடம் கேட்டாளாம். அதையும் கூசாமல் என்னிடம் வந்து ஒப்பிக்கிறார்.

சொல்ல வேண்டிய காலத்தில் வாயைத் தைத்துக்கொண்டவள், சொல்லக் கூடாத நேரத்தில் திறந்திருக்கிறாள். இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? என் பிள்ளை, என் நோய், நான் சொல்ல வேண்டிய செய்தி.

மதி என் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையில் மதி வந்து இறங்கினாள். ஸ்டேஷனுக்குப் போன இவர் வழியெல்லாம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், வாடிப்போய் வந்தார்.

பையைக் கூடக் கீழே வைக்காமல் என் முன்னால் வந்து நின்றாள். "துண்ட எடும்மா" என்றாள்.

எடுத்தேன். பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் கிட்டே வரவில்லை.

"உன் மனசு கெடக் கூடாதேன்னுதான். நிச்சயம் முடிஞ்சதும்..."

"நிச்சயம் முடிஞ்சதும் கல்யாணம் முடியட்டும்ப. கல்யாணம் முடிஞ்சதும் பிள்ள பிறக்கட்டும்ப. மாத்திரை குமட்டுதுன்னு சொன்னேன்ல? அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? சாப்பாட்டுக்கு அப்புறம் போடுன்னே."

"டாக்டர்ட்ட கேட்டேன்ட்டி. அது ஒண்ணும் செய்யாதுன்னு..."

"கேட்டியா? அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு." இவ்வளவையும் அவள் குரல் உயராமல்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

இவர் குறுக்கே வந்து, மாப்பிள்ளை வீட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று இழுத்தார். "நேத்தே பேசிட்டேம்பா. வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்னாங்க. சொன்னாச் சொல்லட்டும், சொல்லாட்டிப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுண்டல் அப்படியே இருக்கிறது. நானும் இவரும் ஹாலில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறாள் என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல மாட்டாள் என்று தெரியும்.

அக்டோபர் 14, திங்கள்

மதி என்னை டாக்டர் நூர்ஜகானிடம் கூட்டிப்போனாள். நான் அவளைக் கூட்டிப்போகவில்லை, அவள்தான் என்னை. ஆட்டோவில் நடுவில் பையை வைத்துக்கொண்டாள்.

அவளைப் பார்த்ததும் டாக்டர் மகிழ்ச்சியாக, "அம்மா எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னாங்க" என்றார். மதி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

மாத்திரையை நிறுத்தலாமா, மாற்றலாமா, எந்த வயதிலிருந்து படம் எடுக்க வேண்டும், எடை குறைந்தால் ஹார்மோன் எவ்வளவு அடங்கும், ஓட்டத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வங்கியில் அவளிடம் கடன் கேட்டு வருகிறவர்கள் பாவம். டாக்டர் பொறுமையாகச் சொல்லிவிட்டு, "பாட்டிக்கு எந்த வயசுல வந்துச்சு?" என்றார்.

"நாப்பத்தி நாலு. வலது பக்கம். ரெண்டு வருசம் இருந்தாங்க. கடைசில முதுகெலும்புக்குப் போயிருச்சு, படுக்க முடியாம உக்காந்துக்கிட்டேதான் தூங்குவாங்களாம்" என்றாள் மதி.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா உட்கார்ந்துகொண்டே தூங்கியது எனக்குத் தெரியாது. அக்காவிடம் அன்று அவ்வளவு கத்தினேன், அம்மா எப்படிப் போனாள் என்று மட்டும் கேட்கவே இல்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "உங்க அம்மாவோட கூடப் பிறந்தவங்க யாருக்காவது சினைப்பையில புற்றுநோய் மாதிரி எதுவும் இருந்துச்சாம்மா?"

எங்கள் சித்தி ஒருத்தி வயிற்றுக் கட்டியில் போனாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எங்கம்மாவக் கேக்காதீங்க டாக்டர்" என்றாள் மதி. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "ஒரு நிமிசம். எங்க பெரியம்மாவ லைன்ல கூப்பிடுதேன்."